பயணப் பையில் ஒரு சிற்றலை வானொலி

லடாக் போகும் நம்மூர்க்காரர்கள் பலருக்கும் லே விமான நிலையத்தில் இறங்கிய பிறகுதான் தெரியவருகிறது, தமிழ்நாட்டில் வாங்கிய பிரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது என்பது. போஸ்ட்பெய்டு வைத்திருப்பவர்களும் நகரத்தைத் தாண்டி மலைப்பாதையில் ஏறிவிட்டால் சிக்னல் இல்லாமல்தான் மணிக்கணக்காகப் போக வேண்டும். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி அந்தமான் போகிறவர்களுக்கோ, கரை கண்ணிலிருந்து மறைந்த கொஞ்ச நேரத்திலேயே கைபேசி ஊமையாகிவிடும். அடுத்த கரை வர ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். செயற்கைக்கோள் தொலைபேசியை அனுமதியில்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். அதனால் அந்த வழியும் சாதாரணப் பயணிக்குக் கிடையாது.

இந்த இடங்களிலெல்லாம் சிம் இல்லாமல், சந்தா இல்லாமல், கைக்குள் அடங்கும் ஒரு பெட்டியில் உலகச் செய்தியைக் கேட்க முடியும். சிற்றலை வானொலி தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த வேலையைச் செய்துவருகிறது. பயணம் போகிற ஒவ்வொருவரும் ஒன்று வைத்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்குப் பெரிய பணமும் தேவையில்லை. விலை ஏற ஏற நிலையங்களும் கூடுதலாகக் கிடைக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். பயண வானொலியைப் பொறுத்தவரை ஒரு கட்டத்துக்கு மேல் அது நடப்பதில்லை. வழியில் கிடைக்கும் பேட்டரி, அலைவரிசையைத் துல்லியமாகக் காட்டும் திரை, நான்கைந்து மீட்டர் ஒயர் ஆகிய மூன்றும் இருந்தால், மூன்று மடங்கு விலையுள்ள செட்டோடு உங்கள் செட் தைரியமாகப் போட்டி போடும்.

இன்னும் என்ன கேட்கிறது?

சிற்றலை என்றதும் நடுவயதைத் தாண்டிய தமிழர்களுக்கு இலங்கை வானொலியும் பிபிசி தமிழோசையும்தான் நினைவுக்கு வரும். 1941-இல் தொடங்கிய தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு நின்றுபோனது. அதே ஆண்டு ஜனவரியில் ரேடியோ ஆஸ்திரேலியா தன் சிற்றலையை மூடியது. கனடாவின் சர்வதேச வானொலி 2012-லேயே மூடிவிட்டது. பிபிசி இந்தியின் சிற்றலை ஒலிபரப்பு 2020 ஜனவரியில் முடிந்தது. 2025 மார்ச்சில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா அரசாணை ஒன்றால் திடீரென்று முடங்கியது. இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, சிற்றலை செத்துவிட்டது, இனி எதற்கு ரேடியோ என்று கேட்பவர்கள் நிறைய.

ஆனால் 2022 மார்ச்சில், உக்ரைனில் போர் மூண்ட சில நாட்களில், பிபிசி மறுபடியும் சிற்றலைக்குத்தான் வந்தது. உக்ரைனுக்கும் ரஷ்யாவின் சில பகுதிகளுக்கும் தினமும் நான்கு மணி நேரம் ஆங்கிலச் செய்தியை ஒலிபரப்பியது. 2023-இல் சூடானில் சண்டை வெடித்தபோது அரபு மொழியில் அவசரச் சேவை தொடங்கியதும் சிற்றலையில்தான். செல்பேசிக் கோபுரத்தைச் சாய்க்கலாம், இணையத்தை ஒரு பொத்தானில் நிறுத்தலாம். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வேறொரு நாட்டில் நிற்கும் டிரான்ஸ்மிட்டரை அவ்வளவு எளிதாக யாரும் தொட முடியாது.

சாதாரண நாட்களிலும் காற்று வெறுமையாக இல்லை. பிபிசி உலக சேவையின் ஆங்கில ஒலிபரப்பு தெற்காசியாவுக்கு இன்னும் சில மணி நேரம் வருகிறது. சீன வானொலி எல்லாச் சிற்றலைப் பட்டைகளிலும் நிறைந்திருக்கிறது. அதன் தமிழ்ச் சேவை 1963-இல் தொடங்கியது. தமிழ்நாட்டுக் கிராமங்களில்கூட அதற்கு நேயர் மன்றங்கள் இருந்தன. தென் கொரியா, ருமேனியா, துருக்கி, வத்திக்கான் எல்லாம் சிற்றலையில் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன. நியூசிலாந்து வானொலி 2024-இல் பசிபிக் தீவுகளுக்காகப் புதிய சிற்றலை டிரான்ஸ்மிட்டரையே நிறுவியது. புயல் அடித்தால் அந்தத் தீவுகளுக்கு வேறு ஆதாரம் கிடையாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அண்டார்க்டிகாவில் குளிர்காலம் முழுக்க அடைபட்டிருக்கும் பிரிட்டிஷ் ஆய்வாளர்களுக்காக 1955 முதல் ஆண்டுதோறும் ஜூன் 21-ஆம் தேதி பிபிசி அரை மணி நேர நிகழ்ச்சி ஒன்றைச் சிற்றலையில் ஒலிபரப்புகிறது. குடும்பத்தினரின் வாழ்த்துகள், விரும்பிக் கேட்ட பாட்டுகள். சில டஜன் பேருக்கான அந்த நிகழ்ச்சியை உலகம் முழுக்கச் சிற்றலை நேயர்கள் கண்விழித்துத் தேடுகிறார்கள். நமக்கு அது ஜூன் 22 அதிகாலை 3 மணி. தேடிப் பாருங்கள்.

வானத்தின் தயவு

செட் வாங்குவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். பண்பலை நேர்க்கோட்டில் போகிறது, அதனால் மலை மறைத்தால் தீர்ந்தது. சிற்றலையோ பூமிக்கு மேலே 200 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனி மண்டல அடுக்கில் பட்டு வளைந்து கீழே வருகிறது. தரையிலும் கடலிலும் பட்டு மறுபடி மேலே போய், இப்படியே கண்டம் தாண்டுகிறது. இந்த மண்டலம் இருப்பதைச் சோதித்து நிறுவிய எட்வர்ட் ஆப்பிள்டனுக்கு 1947-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த அடுக்கை உருவாக்குவது சூரியன். அதனால் பகலில் உயர்ந்த அலைவரிசைகள் நன்றாக வரும்: 19, 16, 13 மீட்டர் பட்டைகள், அதாவது சுமார் 15 முதல் 21 மெகாஹெர்ட்ஸ் வரை. இருட்டிய பிறகு 31, 41, 49 மீட்டர். 25 மீட்டர் இடைப்பட்டது, அந்தி வேளையில் அருமையாக இருக்கும். நண்பகலில் 49 மீட்டரைத் திருப்பிவிட்டு, ஒன்றுமே கேட்கவில்லை, செட் கெட்டுப்போச்சு என்று கடைக்காரரிடம் சண்டை போடுபவர்கள் உண்டு. அதில் செட்டின் குற்றம் எதுவுமில்லை. சூரியனின் பதினோரு ஆண்டுச் சுழற்சி உச்சக் கட்டத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் நாசா அறிவித்தது. உச்சத்தை ஒட்டிய ஆண்டுகளில் பகல் நேர உயர் பட்டைகள் நன்றாக உயிரோடு இருக்கும். சிற்றலை கேட்கத் தொடங்க இது நல்ல காலம்.

எதைப் பார்த்து வாங்குவது?

சென்னை ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் இன்று கிடைக்கும் மலிவு ரேடியோக்கள் பெரும்பாலும் டார்ச், புளூடூத், யுஎஸ்பி, மெமரி கார்டு, சோலார் தகடு என்று எல்லாம் கொண்டவை. அட்டைப் பெட்டியில் எத்தனை 'பேண்ட்' என்று பெரிதாகப் போட்டிருக்கும். அந்த எண்ணை நம்ப வேண்டாம். ஒரே சிற்றலைப் பரப்பை எட்டுத் துண்டாகவும் வெட்டலாம், பதினெட்டுத் துண்டாகவும் வெட்டலாம். 2.3 முதல் 21.95 மெகாஹெர்ட்ஸ் வரை இடைவெளி இல்லாமல் போகிறதா என்பதுதான் கேள்வி.

முள் நகரும் பழைய பாணி செட்டா, எண் காட்டும் டிஜிட்டல் செட்டா? பயணத்துக்கு டிஜிட்டல்தான் என்று தயங்காமல் சொல்வேன். அட்டவணையில் 15,310 கிலோஹெர்ட்ஸ் என்று இருந்தால், எண் பலகையில் அதை அழுத்திய நொடியில் நிலையம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். முள் செட்டில் அதே இடத்தைத் தேடுவதற்குள் பத்து நிமிடச் செய்தி முடிந்துவிடும். டெக்சன் நிறுவனத்தின் ஆர்-9012 போன்ற முள் செட்டுகள் மிக மலிவு, இரண்டு பென்டார்ச் செல் போதும். ஒலியும் காதுக்கு இதமாக இருக்கும். ஆனால் ஒரே நிலையம் இரண்டு இடத்தில் கேட்கும் குழப்பம் அதில் உண்டு. உண்மையான இடத்திலிருந்து 910 கிலோஹெர்ட்ஸ் கீழே அதே நிலையத்தின் பிம்பம் நிற்கும். பழகியவர்களுக்குப் பரவாயில்லை, புதியவர்களுக்கு எரிச்சல்.

டிஜிட்டல் செட் இவ்வளவு மலிவானதற்குக் காரணம் ஒரு சில்லு. அமெரிக்காவின் சிலிக்கான் லேப்ஸ் கொண்டுவந்த எஸ்ஐ4734, 4735 வகைச் சில்லுகள் முழு ரேடியோவையும் விரல்நகம் அளவுக்குள் அடக்கிவிட்டன. முன்பு விலையுயர்ந்த சோனி, கிரண்டிக் செட்டுகளில் மட்டும் இருந்த துல்லியம் சாதாரண விலைக்கு இறங்கிவந்தது. அதோடு வந்த முக்கியமான வசதி, அலை அகலத்தைக் குறைத்துக்கொள்வது. சிற்றலை நிலையங்கள் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நெருக்கிக்கொண்டு நிற்கும். பக்கத்து நிலையம் மேலே ஏறிப் பேசும்போது அகலத்தை 3 அல்லது 2 கிலோஹெர்ட்ஸாகச் சுருக்கினால் நமக்கு வேண்டிய குரல் தனியே பிரிந்து வரும். இந்த வசதி இல்லாத செட்டை வாங்காதீர்கள்.

சின்ன விஷயம்போலத் தெரிந்தாலும் விட்டுவிடக் கூடாதது பூட்டுப் பொத்தான். பைக்குள் துணிகள் அழுத்தி ரேடியோ தானாக ஓடி, ஊர் போய்ச் சேரும்போது பேட்டரி காலியாகிக் கிடந்தால் என்ன பயன்? வெளிநாடு போகிறவர்கள் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். மத்திய அலை நமக்கு 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி, அமெரிக்கக் கண்டத்தில் 10. மாற்றும் வசதி வேண்டும். ஜப்பானில் பண்பலை 76 மெகாஹெர்ட்ஸிலேயே தொடங்கிவிடும். 87-இல் தொடங்கும் செட் அங்கே பல நிலையங்களைத் தவறவிடும்.

எஸ்எஸ்பி வேண்டுமா என்ற கேள்விக்கு மட்டும் ஆளைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். ஹாம்கள் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்கள், கப்பல்கள், கடல் மேல் பறக்கும் விமானங்கள் எல்லாம் சிற்றலையில் பேசும் முறை அது. அந்த வசதி இல்லாத செட்டில் அவர்களின் பேச்சு வாத்து கத்துவதுபோல் கேட்கும். செய்தியும் பாட்டும் கேட்க அது தேவையே இல்லை. தீவுகளுக்கும் கடலுக்கும் போகிறவர்களுக்கு வேண்டும் என்பேன். 2004 டிசம்பரில் சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு வேறொரு நோக்கத்துக்காகப் போர்ட் பிளேரில் இருந்தது. தொலைபேசிகள் அறுந்துபோன அந்த நாட்களில் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்திகளைக் கொண்டுசேர்த்தது அவர்களின் சிற்றலைக் கருவிகள்தான். கேட்கும் செட் நம் கையில் இருந்தால் அப்படிப்பட்ட நேரத்தில் நாமும் இருட்டில் இருக்க மாட்டோம்.

பேட்டரிதான் பாதி வானொலி

வாங்குபவர்கள் கடைசியாகக் கேட்பது பேட்டரியைப் பற்றி. பயணத்துக்கு அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பென்டார்ச் செல் போடும் செட்டுக்கு இணை இல்லை. உலகத்தின் எந்த மூலையிலும், மின்சாரமே வராத கிராமத்துப் பெட்டிக்கடையிலும் அந்தச் செல் கிடைக்கும். டெக்சன் பிஎல்-310இடி மூன்று செல்லில் ஓடுகிறது. எண் பலகை, அலை அகலத் தேர்வு, வெளி ஏரியல் மாட்டும் துளை எல்லாம் உண்டு. எஸ்எஸ்பி மட்டும் இல்லை. ரீசார்ஜ் செல் போட்டால் செட்டிலேயே சார்ஜ் செய்துகொள்ளலாம்.

அதே நிறுவனத்தின் பிஎல்-330 ஏறக்குறைய அதே அளவுதான். எஸ்எஸ்பி உண்டு. அதில் போடுவது பிஎல்-5சி பேட்டரி. பெயர் புதிதாகத் தோன்றலாம். நோக்கியா 1100-இல் இருந்த அதே பேட்டரிதான். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு காலத்தில் நோக்கியா தொழிற்சாலை இரவு பகலாக ஓடிய நம் மாநிலத்தில் அந்தப் பேட்டரியைத் தெரியாதவர் குறைவு. இன்றும் எந்த ஊர்ப் பேருந்து நிலையத்தை ஒட்டிய செல்போன் கடையிலும் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். போலிகள் ஏராளம். 2007-இல் ஒரு தயாரிப்பாளர் செய்த 4.6 கோடி பிஎல்-5சி பேட்டரிகள் சூடேறக்கூடும் என்று நோக்கியாவே எச்சரிக்க வேண்டி வந்தது. உப்பிப்போன பேட்டரியை உடனே தூக்கிப் போடுங்கள். விமானத்தில் உபரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், சரக்குப் பெட்டியில் வைக்கக் கூடாது.

எக்ஸ்எச்டேட்டா டி-808 என்றொரு செட் இருக்கிறது. எஸ்எஸ்பியும் விமானப் பட்டையும் உண்டு, ஒலியும் கொஞ்சம் பெரியது. உருளை வடிவ 18650 பேட்டரி போட வேண்டும். அது சிற்றூர்க் கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை. விமானப் பட்டையைக் கேட்பது பிரிட்டன் போன்ற நாடுகளில் சட்டப்படி குற்றம் என்பதும் நினைவில் இருக்கட்டும். பழைய சோனி ஐசிஎஃப்-எஸ்டபிள்யூ7600ஜிஆர் அற்புதமான செட். உற்பத்தி நின்றுவிட்டது. பழைய பொருள் சந்தையில் கிடைத்தால் பேட்டரி அறையைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கடையில் சோதிக்க ஒரு வழி உண்டு. சீனாவின் நேரக்குறி நிலையம் ஒன்று 10 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு ஒரு முறை 'டிக்' என்று ஒலித்துக்கொண்டே இருக்கும். மாலையில் கடைக்கு வெளியே வந்து, ஏரியலை முழுக்க நீட்டி, 10,000 என்று அழுத்துங்கள். அந்த டிக் ஒலி கேட்டால் செட் நன்றாக இருக்கிறது.

ஒயரும் ஜன்னலும்

எந்த செட்டானாலும் ஓட்டல் அறைதான் பெரிய எதிரி. எல்இடி விளக்கு, செல்போன் சார்ஜர், தொலைக்காட்சிப் பெட்டி எல்லாம் சிற்றலையில் கரகரவென்று இரைச்சலைக் கொட்டும். ரேடியோவைச் சார்ஜில் போட்டுக்கொண்டே கேட்காதீர்கள். பவர் பேங்கில் மாட்டியும் கேட்க வேண்டாம். பேட்டரியில் மட்டும் ஓடவிட்டு, விளக்குகளை அணைத்து, ஜன்னலோரம் போங்கள். மின்சாமான் கடையில் ஐந்து மீட்டர் மெல்லிய ஒயர் வாங்கி, ஒரு முனையில் முதலைக் கிளிப்பை வைத்து ஏரியலில் கவ்வவிட்டு, மறு முனையை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடுங்கள். மின்கம்பி பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இடி மின்னல் என்றால் உடனே கழற்றிவிடுங்கள். இந்த ஒயர் தரும் முன்னேற்றத்தை இரண்டு மடங்கு விலை செட்டும் தராது. ஆனால் அளவுக்கு மீறி நீளமாக்கினால் பலமான நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஐந்து, ஆறு மீட்டரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ரயிலில் எதிர்பார்ப்பு வேண்டாம். இரும்புப் பெட்டி, தலைக்கு மேலே 25,000 வோல்ட். கப்பலிலோ உள் அறையை விட்டு மேல்தளத்துக்கு வந்துவிட்டால் போதும். சுற்றிலும் உப்புநீர், பக்கத்தில் நகரத்தின் இரைச்சல் எதுவும் இல்லை. சிற்றலை கேட்க அதைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியாது.

எல்லைப் பகுதிகளில் ஒரு எச்சரிக்கை. வானொலி கேட்பது குற்றமில்லை, அது எதையும் அனுப்புவதும் இல்லை. ஆனாலும் ராணுவ முகாம்கள் அருகே ஒயரைக் கட்டிக்கொண்டு உட்காராதீர்கள். வாக்கி-டாக்கி போல உயரமாக இருக்கும் மாடல்களைத் தவிர்ப்பதும் நல்லது. தேவையில்லாத கேள்விகள் வரும். சாதாரண டிரான்சிஸ்டர்போலத் தெரியும் செட்டை யாரும் பொருட்படுத்துவதில்லை.

நிலையங்களின் நேரமும் அலைவரிசையும் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று மாறும். கிளம்புவதற்கு முன் புதிய அட்டவணையைத் தரவிறக்கி, வேண்டியதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணைகள் உலகப் பொது நேரத்தில் இருக்கும். ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம்.

என் தீர்ப்பு இது. செய்திக்கும் பாட்டுக்கும் மட்டும் என்றால் பிஎல்-310இடி. கடல், தீவு, ஹாம் பேச்சு என்று ஆசை இருந்தால் பிஎல்-330. இரண்டுமே வெளிநாட்டுச் சந்தையில் 100 டாலருக்குள் அடங்குபவை. இங்கே இறக்குமதியாளர் வழியாக வரும்போது சுங்கமும் சேர்ந்து விலை ஏறும். சிங்கப்பூர், துபாய் போய்வரும் உறவினர் இருந்தால் ஒன்று சொல்லி வையுங்கள்.

வாங்கிய பிறகு ஒரு வேண்டுகோள். எந்த நிலையம் கேட்டாலும் அவர்களுக்கு எழுதுங்கள். தேதி, நேரம், அலைவரிசை, நீங்கள் இருந்த இடம், கேட்ட நிகழ்ச்சியின் இரண்டு விவரம், ஒலித்தரத்துக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண், அவ்வளவுதான். பல நிலையங்கள் இன்றும் பதிலுக்கு வண்ண அஞ்சலட்டை ஒன்றை அனுப்புகின்றன. சிற்றலையை மூடும் பல நிர்வாகங்கள், கேட்க ஆளில்லை என்பதைக் காரணமாகச் சொல்கின்றன. கேட்பவர்கள் எழுதினால்தான் அந்தக் காரணத்தை மறுக்க முடியும், தயவுசெய்து எழுதுங்கள்.